தளர்நடையும் கால் கடுப்பும்: ஆங்கில நடைவினைகளின் தமிழாக்கம் குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நடத்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகளுள் மெதுவாகவும் களைப்போடும் நடத்தலைக் குறிப்பன ஒரு தனிக் குழுவாக அமைகின்றன. கனத்த அடிகளோடு சோர்ந்து நடப்பது 'டிரட்ஜ்'. மெதுவாக, ஆனால் விடாது நடப்பது 'பிளாட்'. தடையை எதிர்த்து உழைப்போடு முன்னேறுவது 'ஸ்லாக்'. விருப்பமின்றி அலைந்து நடப்பது 'டிரெயிப்ஸ்'. பாதத்தைத் தரையினின்று எடுக்காமல் தேய்த்து நடப்பது 'ஷஃபிள்'. இவற்றுக்கு நேராகத் தமிழில் ஒற்றை வினைகள் இல்லை என்பது வெளிப்படை. இதைத் தமிழின் குறையாகக் கருதும் மொழிபெயர்ப்பாளர், கைக்குக் கிடைத்த ஒரு தொடரை வைத்து இடத்தை நிரப்பிவிடுகிறார். அவ்வாறு நிரப்பப்படும் தொடர்கள் பொருளை எவ்வாறு திரிக்கின்றன என்பதையும், தமிழ் தன் இயல்பில் வைத்திருக்கும் வழி யாது என்பதையும் மும்பையைச் சார்ந்த இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வகைப்பாட்டு அடிப்படை

இயக்கத்தைச் சொல்லும் முறையில் மொழிகள் வேறுபடுவதை லெனார்ட் டால்மி 1985இல் வெளியான தம் ஆய்வில் விளக்கினார். ஆங்கிலம் இயங்கும் விதத்தை வினையடியிலேயே வைத்து, வழியைத் துணைச்சொல்லால் உணர்த்தும். நுழைதல், ஏறுதல், கடத்தல் போன்ற வழிப்பொருளை முற்றுவினையில் வைத்து, விதத்தை எச்சத்தால் உணர்த்துவது வேறு சில மொழிகளின் இயல்பு. டேன் ஸ்லோபின் இக்கருத்தை மேலும் விரித்து, விதவினைகள் மிகுந்த மொழிகளைப் பேசுவோர் இயக்கத்தின் விதத்தில் கூடுதல் கவனம் செலுத்துவதாகக் காட்டினார்.

தமிழ் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. 'நொண்டி நொண்டி உள்ளே நுழைந்தான்' என்பதில் முற்று வழியையும் எச்சம் விதத்தையும் உணர்த்துகின்றன. எனவே ஒரு வினைக்கு ஒரு வினை தேடுவது தொடக்கத்திலேயே பொருந்தாத முயற்சியாகும்.

3. வழங்கும் நிகரன்கள்

முதலாவது, 'தளர்நடை'. 'டிரட்ஜ்' என்பதற்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தமிழ் இலக்கிய மரபில் தளர்நடை குழந்தைக்குரியது. பெரியாழ்வார் தம் திருமொழியில் கண்ணனின் தளர்நடைக்கெனத் தனிப் பதிகமே பாடியுள்ளார். களைத்த தொழிலாளியின் நடையை இச்சொல்லால் குறித்தால், மரபறிந்த வாசகர் மனத்தில் எழுவது மழலையின் உருவமே.

இரண்டாவது, 'தள்ளாடி நடந்தான்'. இது முதுமையையோ குடிமயக்கத்தையோ உணர்த்தும். 'பிளாட்' என்பதிலுள்ள விடாமுயற்சி இதில் இல்லை.

மூன்றாவது, 'ஆடி அசைந்து'. இதில் மெதுவு உண்டு, களைப்பு இல்லை. தேரும் யானையும் ஆடி அசைந்து வரும். மனிதரைச் சொல்லும்போது இது சோம்பலைச் சுட்டும் ஏளனமாகிவிடும்.

நான்காவது, செய்தித்தமிழில் வழங்கும் 'நடைப்பயணம்', 'கால்நடையாக' என்பன. முன்னது தன் விருப்பத்தால் மேற்கொள்ளும் செயலைக் குறிக்கும். பாதயாத்திரையின் சாயலும் அதற்குண்டு. பின்னது ஊர்தியின்மையை மட்டுமே சொல்லும். ஆடுமாடுகளையும் 'கால்நடை' என்றே வழங்குவதால், மனிதக் கூட்டத்தைச் சுட்டும்போது அதை எச்சரிக்கையோடு ஆளவேண்டும்.

4. தமிழின் வழி

களைத்த நடையைத் தமிழ் எவ்வாறு சொல்கிறது? 'கால் கடுக்க நடந்தான்', 'கால் ஓய நடந்தாள்', 'செருப்புத் தேய நடந்தார்' என்பன பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக வருபவை. இவற்றின் அமைப்பு கருதத்தக்கது. இவற்றில் வரும் செயவென் எச்சம் காரியப் பொருளது. 'நெல் விளைய மழை பெய்தது' என்னும் இலக்கண எடுத்துக்காட்டை ஒத்தது. நடத்தலின் விளைவு காலிலோ செருப்பிலோ வைத்துச் சொல்லப்படுகிறது.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகிறது. 'டிரட்ஜ்' என்பது பெரிதும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் நடை. 'கால் கடுக்க' என்பது நடப்பவர் உடலில் உணரப்படும் நடை. தமிழில் புறத்தோற்றத்தைச் சொல்லும் தொடர்களும் உண்டு என்பது முன்பே கண்டது. ஆயினும் களைப்பைச் சொல்லவேண்டியபோது தமிழ் விரும்பி நாடுவது நடப்பவரின் காலையே எனலாம்.

'நடையாய் நடந்தும் குடும்ப அட்டை கிடைக்கவில்லை' என்னும் வழக்கையும் இங்கு இணைத்துப் பார்க்கலாம். இது நடையின் விதத்தைச் சொல்லவில்லை. மீண்டும் மீண்டும் நடந்ததையும் அது பயனற்றுப் போனதையும் ஒருங்கே சொல்கிறது.

இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மும்பைத் தமிழர் காதில் அன்றாடம் விழும் மராத்தியில் 'பாய்பீட்' என்றொரு பெயர்ச்சொல் உண்டு. 'பாய்' என்பது கால்; 'பீட்' என்பது அடித்தல் என்னும் வினையினின்று வந்தது. நெடுந்தொலைவு நடந்து அலுத்துப்போவதை அது குறிக்கும். தண்ணீருக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கும் துன்பத்தைச் சொல்ல மராத்தி இதழ்கள் இதனை ஆள்கின்றன. பண்டரிபுரத்துக்குச் செல்லும் நடை 'வாரி'. கோரிக்கையோடு செல்லும் நடை 'மோர்ச்சா'. வேறு வழியின்றி நடக்கும் நடை 'பாய்பீட்'. தமிழில் முதலிரண்டுக்கும் பாதயாத்திரை, பேரணி என்னும் பெயர்கள் உள. மூன்றாவதற்கு அண்மையில் நிற்கும் 'அலைச்சல்' சேருமிடத்தை உணர்த்துவதில்லை. எனவே அங்குப் பெயரைத் தேடாமல் 'கால் கடுக்க' முதலிய எச்சத்தொடர்களை நாடுவதே தக்கது.

5. ஒரே சாலை, இரு நடைகள்

2018ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அகில இந்திய கிசான் சபையின் தலைமையில் நாசிக்கிலிருந்து புறப்பட்ட விவசாயிகள் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பையை அடைந்தனர். 11ஆம் நாள் அவர்கள் தங்கிய சோமையா மைதானம் சயான் பகுதியில் உள்ளது. அதன் மேற்கே தாராவி, கிழக்கே செம்பூர், தெற்கே மாட்டுங்கா எனத் தமிழர் மிகுதியாக வாழும் மூன்று பகுதிகளும் சூழ்ந்துள்ளன. மறுநாள் தேர்வெழுதும் மாணவர்க்கு இடையூறு நேராதவாறு அவர்கள் இரவிலேயே புறப்பட்டு ஆசாத் மைதானம் சேர்ந்தனர்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கின்போது, வேலையிழந்த வெளிமாநிலத் தொழிலாளர் மும்பையிலிருந்து அதே நாசிக் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் நடந்தனர்.

இவ்விரு நடைகளையும் 'டிரட்ஜ்' என்னும் ஒரே வினையால் ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியும். தமிழில் அவ்வாறு இயலாது. பின்வரும் தொடர்களை நோக்குக:

(அ) விவசாயிகள் கால் கடுக்க நடந்துவந்து நகருக்குள் நுழைந்தனர்.
(ஆ) தொழிலாளர்கள் கால் கடுக்க நடந்து ஊர் போய்ச் சேர்ந்தனர்.

தமிழில் இயல்பாக எழுதும்போது 'வா', 'போ' என்னும் வினைகளுள் ஒன்று வந்தே தீரும். சொல்பவர் எங்கு நிற்கிறார் என்பதை அது காட்டிவிடும். (அ) மாட்டுங்காவில் நிற்பவரின் கூற்று. அதையே நாசிக்கிலிருந்து சொல்பவர் 'நடந்துபோய்' என்பார். (ஆ) மும்பையிலிருந்து பார்ப்பவரின் கூற்று. அத்தொழிலாளியின் ஊரில் காத்திருக்கும் தாய் 'வந்து சேர்ந்தான்' என்றே சொல்வாள்.

அன்றியும், முதல் நடை கோரிக்கையோடு கூடியது. அதை 'நெடும்பயணம்' எனலாம். இரண்டாவதை 'நடைப்பயணம்' என்று எழுதினால், கட்டாயத்தால் நேர்ந்ததை விருப்பச் செயலாக மாற்றிய பிழை நேரும். அங்கு 'நடந்தே செல்ல நேர்ந்தது' என்னும் அமைப்பே உண்மைக்கு உரியது.

6. முடிவுரை

ஆங்கில விதவினைக்குத் தனிச்சொல் தேடுவதைவிட மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும். நடந்தவர் தாமே விரும்பி நடந்தாரா, நேர்ந்ததால் நடந்தாரா? நடையின் விளைவு அவர் உடலில் எங்குத் தங்கியது? அதைச் சொல்பவர் சாலையின் எந்த முனையில் நிற்கிறார்? இவற்றுக்கு விடை கண்டபின் எழுதப்படும் தொடர் மூலத்தினும் சற்று நீளலாம். ஆனால் 'டிரட்ஜ்' சொல்லாமல் விட்டவற்றையும் அது சொல்லிவிடும். இருமொழி அகராதிகளும் இத்தகைய வினைகளுக்கு ஒற்றைச் சொற்களை அடுக்குவதை விடுத்து, எச்சத்தொடர்களை முழுவாக்கிய எடுத்துக்காட்டோடு தருவதே முறை.