வண்ணத்துப்பூச்சிப் பேரினப் பெயர்கள்: காரணமும் இடுகுறியும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தாராய்தல் தமிழிலக்கண மரபு. உயிரியலார் வண்ணத்துப்பூச்சிப் பேரினங்களுக்கு இட்ட பெயர்களுக்கு இப்பகுப்பு எங்ஙனம் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம். அப்பெயர்களைத் தமிழிற் பொருள்பெயர்த்து வழங்குதல் தகுமா என்னும் வினாவிற்கும் இதனால் விடை கிடைக்கும்.

சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பே விலங்குப் பெயரீட்டிற்குத் தொடக்கம். அதன்கண் அவர் 192 இனங்களைப் பாப்பிலியோ என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். இலத்தீனில் அச்சொல்லுக்கு வண்ணத்துப்பூச்சி என்பதே பொருள். அவற்றுள் ஒரு பிரிவை வீரர் எனக் கொண்டு, மார்பிற் குருதிநிறப் புள்ளியுடையன திராயர், அஃதில்லாதன கிரேக்கர் என இரண்டாக்கினார். ஹோமர் காவிய மாந்தரின் பெயர்களையே அவற்றிற்குச் சூட்டினார். தோற்ற பக்கத்தாரின் மார்பிலே குருதியைக் கண்டது நயமான கற்பனையே.

அக்கற்பனை வகைப்பாட்டில் நிலைபெற்றதா? பின்வந்தோர் பாப்பிலியோவைப் பல பேரினங்களாகப் பிரித்தனர். இன்று பிரியம் ஆர்னித்தாப்டிராவிலும், அவன் மகன் ஹெக்டர் பாக்ளியாப்டாவிலும் உள்ளனர். மற்றொரு மகனாகிய பாரிஸோ, தன் அம்பாற் புண்பட்ட கிரேக்கன் மக்கேயோனுடன் பாப்பிலியோவிலேயே நிற்கின்றான்.

எனினும் லின்னேயஸ் கண்ட செம்மை முற்றும் பொய்யன்று. பிரியமும் ஹெக்டரும் சேர்ந்த குலத்தின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளையின் இனத்துக் கொடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடலிற் சேர்ப்பன. உடற்சிவப்பு பறவைகட்கு எச்சரிக்கையாகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ஹெக்டரைப் போலவே பாப்பிலியோ பாலிட்டீஸின் பெண்வடிவம் ஒன்று சிறகிற் சிவப்புக் கொண்டு திரியும். அதன் உடலோ கரியது. சிறகின் சிவப்பு வேடம். உடலின் சிவப்பு உறவு. வகைப்பாட்டிற்கு வேண்டுவது இவ்வேறுபாட்டை அறிதலே.

இனி, பொருள்பெயர்ப்பைப் பார்ப்போம். 1832இல் புவாதுவால் இட்ட ஆர்னித்தாப்டிரா என்பது பறவையையும் சிறகையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆகிய காரணப்பெயர். அதனைப் பறவைச்சிறகி எனப் பெயர்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் பெருஞ்சிறகுடைய மைனாஸும் அதன்பாற் படும் எனக் கற்பார் மயங்குவர். மைனாஸ் சேர்வதோ 1819இல் ஹூப்னர் நிறுவிய துரோயிடெஸ் என்னும் வேறு பேரினத்தில். இரண்டையும் ஒன்றாக்குவார் கொள்ளத்தக்கதும் முந்திய துரோயிடெஸே. பொருட்பொருத்தம் பிந்தியதைக் காவாது. பொருள் பொருந்தாமை பற்றி எப்பெயரையும் தள்ளலாகாது என்பது பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு விதி. பேரினப் பெயர் தன் பொருளோடன்றி, அதற்குரிய மாதிரியினம் ஒன்றனோடு பிணிக்கப்பட்டது. எனவே அது பிறப்பிற் காரணமாயினும் ஆட்சியில் இடுகுறியே என்பது எம் துணிபு.

பொருள் விளங்காப் பெயர் மாணவர்க்குச் சுமையாகும் என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் அக்குறையை நீக்குதற்குரியவை வழக்குப் பெயர்கள். தமிழ்நாடு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த இனத்திற்குத் தமிழ் மறவன் என்பது வழக்குப் பெயர்; சிர்ரோக்ரோவா என்பது பேரினப் பெயர். முன்னது மக்கள் நாவிற்கும் பின்னது உலகறிஞர் ஒப்புமைக்கும் உரியது. ஒன்றன் தொழிலை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் இரண்டையும் கெடுப்பதாகும். ஆதலின் பேரினப் பெயர்களை ஒலிபெயர்த்தும், வழக்குப் பெயர்களைத் தமிழிற் புதிது படைத்தும் வழங்குதலே நெறியாம்.