‘சின்ன மாமியே’: விரையும் தாளமும் காத்திருக்கும் காதலும்

பொப்பிசை என்றதும் முகஞ்சுளிப்பது நமது விமர்சன மரபிற் பழகிப்போன ஒன்று. மேனாட்டு மோகத்தின் எச்சம், கல்யாண வீட்டுக் கூத்து என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த மூச்சில் மக்கள் கலையைப் பற்றி நாம் பேசத் தொடங்குவோம். அந்த மக்கள் எதைப் பாடினார்கள் என்பதை மட்டும் கேட்பதில்லை. நித்தி கனகரத்தினம் பாடி, 1970களில் இலங்கைத் தமிழர் வாழும் பகுதிகளெங்கும் பரவிய ‘சின்ன மாமியே’ என்னும் பாடல் இவ்வகையில் நமது கவனத்துக்கு உரியதாகின்றது. அரை நூற்றாண்டு கடந்தும் மணவீடுகளில் அது ஒலிக்கின்றது. அதனை இளமைக் காதலின் வேகம் பற்றிய பாடலாகக் கொண்டு, முதலில் அதன் சொந்தப் புலத்திலும், பின்னர் அதன் ஆசிரியர் எண்ணியிராத ஊவாத் தோட்டங்களிலும் வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடலின் நிகழ்ச்சி சிறியது. வாலிபன் ஒருவன் மாமியிடம் வந்து அவளுடைய இளைய மகள் எங்கே என்று வினவுகிறான். பள்ளிக்குப் படிக்கச் சென்றிருக்கிறாள் என்று விடை வருகின்றது. அவனுக்கு அது போதவில்லை. அங்கே அனுப்பாதே, இளைஞர்கள் கண் வைப்பார்கள் என்று எச்சரிக்கிறான். மாமியோ மகளின் அடக்கத்தில் நம்பிக்கை வைத்து அவனை அதட்டுகிறாள். ‘மாமி’ என்ற விளி வெறும் மரியாதைச் சொல்லன்று. முறைப்பெண்மேல் மருமகனுக்குள்ள உரிமையை, அது உண்மை உறவாயினும் அவன் தானாக எடுத்துக்கொண்டதாயினும், அந்த ஒரு சொல் முன்வைத்துவிடுகின்றது. பாடலின் நகைச்சுவை முழுவதும் இந்த உரிமைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையிலான மோதலிற் பிறப்பதே.

இசை இதற்கு எதிர்த்திசையிற் செல்கின்றது. இப்பாடல் சார்ந்துள்ள பைலா தாளம், போர்த்துக்கேயத் தொடர்பினால் இலங்கைக் கரையோரத்தில் உருவான ஆட்டமரபின் வழிவந்த ஆறெட்டுத் தாளம். கேட்பவனின் கால் சும்மா இராது. தாளம் அவசரப்படுத்துகின்றது, பாட்டின் பொருளோ பொறுத்திரு என்கின்றது. வாலிபன் தாளத்தோடு நிற்கிறான். மாமி அதற்கு எதிராக நின்றபடியே அதே தாளத்தில் விடை சொல்கிறாள். இம்முரண்பாடு தற்செயலாக அமைந்ததாயினும், பாடல் நிலைத்தமைக்கு அதுவும் ஒரு காரணமென்றே கருதுகின்றேன்.

காதலின் வேகத்துக்கு எல்லை வகுப்பது நமது இலக்கியத்துக்குப் புதிதன்று. களவொழுக்கம் இரண்டு திங்களுக்குள் முடிய வேண்டும் என்று இறையனார் களவியல் கணக்கே வகுத்துவிட்டது. அகப்பாடல்களில் காலத்தை நீட்டுபவன் தலைவன். வரைந்துகொள் என்று தோழி அவனை முடுக்குகிறாள். மகளின் மாற்றத்தை உணர்ந்த தாய் அவளை வீட்டுக்குள் வைத்துக் காக்கிறாள், அதுவே இற்செறிப்பு. பொப்பிசைப் பாடலில் இவ்வுறவுகள் இடம் மாறியுள்ளன. அவசரப்படுபவன் தலைவனே. தோழி இல்லை. மகளை வெளியே அனுப்புபவள் தாய். இற்செறிப்பைக் கோருபவன் காதலன். இம்மாற்றம் மிகவும் நோக்கற்பாலது. பெண் கல்வி ஓரளவு வேரூன்றிய சமூகத்திலேதான் தாய் இவ்வாறு பேச முடியும். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் வாழ்வில் பள்ளிக்கூடம் பெற்றிருந்த இடத்தை இந்த விளையாட்டுப் பாடல் போகிற போக்கில் காட்டிவிடுகின்றது. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. படிப்பது மகளின் உரிமை என்று மாமி வாதாடவில்லை; அவள் அடக்கமானவள் என்றே வாதாடுகிறாள். மகளுக்கோ பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இனி இதே வினாவை ஊவா மலைகளில் வைத்துக் கேட்டுப் பார்ப்போம். பதுளையிலிருந்து பசறை, நமுனுகுல, லுணுகலை, மடுல்சீமை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களின் லயங்களிலும் இலங்கை வானொலி இப்பாடல்களைக் கொண்டு சேர்த்தது. (மலையக வழக்கில் ‘மாமி’ என்பதைவிட ‘அத்தை’ என்பதே மிகுதி; ஆனால் முறை விளங்காமற் போகாது.) அங்கே ஒருவன் அத்தையிடம் மகள் எங்கே என்று கேட்டால் 1970களில் என்ன விடை கிடைத்திருக்கும்? பெரும்பாலும், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்பதே. சிறியவளாயின், அடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு காம்பராவில் இருப்பாள். தோட்டப் பாடசாலை பல இடங்களில் ஓராசிரியரோடும் ஐந்தாம் வகுப்போடும் நின்றுவிட்டது. அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தது 1970களிலும் அதற்குப் பின்னருமே. பருவமடைந்த பெண்ணைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவதும் அன்று பரவலாக இருந்தது.

பள்ளி காதலைத் தள்ளிவைக்கிறது. கொழுந்துக்கூடை அவ்வாறு செய்வதில்லை. காலைப் பெரட்டில் நின்று, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துப் ‘பேர்’ வாங்கத் தொடங்கியவளைத் தோட்டம் வளர்ந்தவளாகவே கணக்கிடுகின்றது. நிறை குறைந்தால் அரைப்பேர். மறுபுறம், பேர் வாங்கும் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டில் ஒரு பேர் குறையும் என்ற தயக்கமும் பெற்றோருக்கு உண்டு. ஆகவே காதல் விரைவதும் தயங்குவதும் இருவரின் மனநிலையால் மட்டும் தீர்மானிக்கப்படுபவையல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் குடும்பம் முழுவதும் உறங்கும்போது, இற்செறிப்புக்கு ‘இல்’ எங்கே இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இவற்றுக்கு மேலாகச் சட்டமும் ஒரு காலக்கெடுவை விதித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். ஒரே லயத்தில் ஒரு காம்பரா இந்தியாவுக்கும் மறு காம்பரா இலங்கைக்கும் விண்ணப்பித்தன. முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் வெவ்வேறு பட்டியலில் இருந்தால், காத்திருத்தல் என்பது நாணமோ ஒழுக்கமோ அன்று, அது இழப்பு. 1924இல் பதுளைவரை வந்து சேர்ந்த இரயில்பாதை முதலிற் தேயிலைக்காக அமைந்தது. அதே பாதையிலேதான் மலைநாட்டின் குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கியும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் புறப்பட்டன. நிலையங்களில் எழுந்த அழுகுரல் அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயரையே தந்தது. சின்ன மகள் எங்கே என்ற கேள்விக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்ற விடையும் அக்காலத்தில் இருந்தது. பொப்பிசையின் குதூகலம் அந்த விடையைத் தாங்கக்கூடியதன்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோது, அந்த மருமகன்மார் முதியவர்களாகியிருந்தனர்.

இதனால் ‘சின்ன மாமியே’ மலையகத்துக்குப் பொருந்தாப் பாடல் என்று முடிவுகட்டுவது தவறாகும். தமக்குக் கிடைக்காத ஒன்றைப் பற்றிய பாடலையும் மக்கள் ரசித்துப் பாடுவர். மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு தாய் பெருமையோடு சொல்வதை லயத்துத் தாய் எவ்வாறு கேட்டிருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, யாழ்ப்பாணத்தில் வெறும் சாட்டாக இருந்த வரி இங்கே ஓர் ஆசையாக மாறிவிடுவதைக் காணலாம்.

ஒப்புநோக்குக்கு மலையகத்தின் சொந்தச் சொத்தான நாட்டார் பாடல்கள் உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தளித்த அப்பாடல்களில் பெண் தானே பேசுகிறாள். மாமன் மகனை விளித்து அழைக்கிறாள், ஏசுகிறாள், கங்காணியின் கெடுபிடியைச் சொல்லிக் கேலி செய்கிறாள். வரச்சொல்வதும் பொறுக்கச்சொல்வதும் அவளே. பாட்டின் நடையும் கொழுந்தெடுக்கும் கையின் ஓட்டத்தோடு செல்வதேயன்றி, ஆடும் காலின் துள்ளலோடு செல்வதன்று. பொப்பிசையில் மாமியும் மருமகனும் தமக்குள் பேசித் தீர்க்கப் பார்க்கும் விடயத்தை, இப்பாடல்களில் அவளே எடுத்துப் பேசுகிறாள். நமது பல்கலைக்கழகங்களில் பொப்பிசையை நகர நாகரிகத்தின் கணக்கிலும் நாட்டார் பாடலை வழக்காற்றியலின் கணக்கிலும் வெவ்வேறு பெட்டிகளில் இட்டு வைத்துள்ளோம். ஒரே வானொலியின் கீழ், ஒரே லயத்தில், ஒரே ஆண்டில் இரண்டையும் கேட்ட பெண்கள் ஊவாத் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றனர். இரண்டையும் சேர்த்து வைத்து அவர்களிடம் கேட்கும் ஆய்வு தொடங்கப்பட வேண்டும், அவர்களுக்கு வயதாகின்றது.