லியோ இறக்கி வைத்த சுமை

‘நான் மக்களின் சேவகன்’ என்ற வாக்கியம் நம்மிடையே மிகவும் மலிந்துவிட்டது. தேர்தல் சுவரொட்டியில் அது இருக்கிறது. பள்ளிவாசல் நிருவாகத் தெரிவிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழா மேடையிலும் அது ஒலிக்கிறது. சொல்பவருக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்து வைக்கப் பக்கத்தில் வேறோர் ஆள் நிற்கிறார். சொல் இவ்வாறு தேய்ந்துவிட்ட நிலையில், ‘சேவகத் தலைமை’ என்ற நவீனக் கருத்து எங்கிருந்து புறப்பட்டது என்று பார்ப்பது பயனுடையது. அதன் மூலம் முகாமைத்துவப் பாடநூல் அன்று. ஒரு சிறு நாவல். ஆகவே அதுபற்றிப் பேச இலக்கிய வாசகனுக்கும் உரிமை உண்டு.

ஹெர்மன் ஹெஸ்ஸே ஜேர்மன் மொழியில் எழுதி 1932இல் வெளியிட்ட ‘கிழக்கு நோக்கிய பயணம்’ என்பதே அந்நாவல். ‘சித்தார்த்தன்’ மூலம் தமிழ் வாசகர் அவரை அறிவர். அவருடைய தாயார் பிறந்த ஊர் கேரளத்துத் தலசேரி. தாய்வழிப் பாட்டனார் மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட். 1911இல் ஹெஸ்ஸே இலங்கைக்கும் வந்தார், கண்டியைப் பார்த்தார், பீதுருதலாகலை மலையில் ஏறினார். எனினும் நாவலில் வரும் கிழக்கு தேசப்படத்தில் காட்டக்கூடிய கிழக்கன்று. அது ஆன்மாவின் தேசம். ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் கூட்டாகப் பயணம் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு நாட்டமும் உண்டு. கதைசொல்லியான எச்.எச். நாடிப் போவது பாத்மே என்ற இளவரசியை. பாத்திமா என்ற நம் வீட்டுப் பெயரே அது.

இக்கூட்டத்தின் மூட்டை முடிச்சுகளைச் சுமக்கும் பணியாள் லியோ. சீழ்க்கையடித்தபடி, முகம் சுளிக்காமல் வேலை செய்பவன். ஒரு மலையிடுக்கில் அவன் காணாமற் போகிறான். தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அவனோடு முக்கியமான பொருள்களும் போய்விட்டன என்று ஐயுறுகிறார்கள்; வாக்குவாதம் வளர்கிறது; கூட்டம் சிதறுகிறது. பல ஆண்டுகளின் பின் எச்.எச். லியோவைக் கண்டுபிடிக்கிறான். சங்கத்தின் முன் நிறுத்தப்படும்போதுதான், அந்தப் பணியாளே சங்கத்தின் தலைவன் என்பது தெரியவருகிறது.

அமெரிக்கத் தொலைபேசி தந்தி நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றி 1964இல் ஓய்வுபெற்றவர் றொபர்ட் கிரீன்லீப். லியோவின் கதையைச் சிந்தித்தே அவர் 1970இல் ‘தலைவனாகச் சேவகன்’ என்ற கட்டுரையை எழுதினார். முதலில் சேவை செய்யும் மனம், அதன் பின்னரே தலைமை என்பது அவர் வகுத்த வரிசை. அதை அளக்க ஓர் அளவுகோலும் தந்தார்: சேவை பெற்றவர்கள் வளர்ந்தார்களா? அறிவிலும் சுதந்திரத்திலும் கூடினார்களா? தாமும் சேவகர்களாகும் நிலையை எய்தினார்களா? சமூகத்தின் கடைசி மனிதனுக்கு என்ன நேர்ந்தது? தலைமை பற்றிய எழுத்துகளில் இத்துணை நேர்மையான அளவுகோல் அரிது.

ஆனால் இந்த அளவுகோலை லியோவின் மீதே வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? லியோ போனதும் கூட்டம் உடைந்தது. அவன் சுமந்த காலத்தில் எவரும் சுமக்கப் பழகவில்லை. அவனுடைய நற்குணத்தை எல்லோரும் அனுபவித்தார்கள். ஒருவரும் அதைக் கற்கவில்லை. கிரீன்லீப் தந்த பரீட்சையில் கிரீன்லீப்பின் நாயகனே சித்தியடையவில்லை. கூட்டம் சிதறியதை லியோவின் பெருமைக்குச் சான்றாகக் கொள்வது வழக்கம். எனக்கு அது ஒரு குறைபாட்டின் சான்றாகவே தெரிகிறது.

ஹெஸ்ஸே இதை அறியாதவரல்லர். கிரீன்லீப் தரும் கதைச்சுருக்கம் லியோ தலைவன் என்று தெரியும் இடத்தோடு நின்றுவிடுகிறது. நாவல் நிற்கவில்லை. எச்.எச். தன்மேல் தானே குற்றஞ்சாட்டுபவனாக விசாரணைக்கு வருகிறான். கைவிட்டது சங்கமன்று, தானே என்று உணர்கிறான். இறுதியில் ஆவணக் களரியில் ஒட்டிய இரு உருவங்கள் கொண்ட ஒரு சிறு சிலையைக் காண்கிறான். ஒன்று அவன், மற்றது லியோ. அவனுடைய உருவின் சாரம் மெல்ல மெல்ல லியோவுக்குள் வடிந்துகொண்டிருக்கிறது. நாவலின் மையம் இங்கேதான் இருக்கிறது. நல்ல தலைவனைக் கண்டெடுப்பது பயணத்தின் முடிவன்று. சுமக்கப்பட்டவன் சுமப்பவனாக மாறுவதே முடிவு.

உமர் (ரலி) அவர்கள் இரவில் மாவு மூட்டையைத் தோளில் சுமந்து சென்ற சம்பவத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். நாம் அதை ஆட்சியாளரின் பெருமையாகவே சொல்லிக் கொடுக்கிறோம். சுமையைத் தான் தூக்குவதாகக் கூறிய பணியாளிடம், மறுமையில் என் சுமையையும் நீர் சுமப்பீரா என்று அவர் கேட்டதை விளக்குவது குறைவு. ஒருவரின் பொறுப்பை இன்னொருவர் தோளுக்கு மாற்ற முடியாது என்பதே அக்கேள்வியின் பொருள்.

நாவலில் இன்னொரு நெருடலும் உண்டு. லியோ உண்மையில் தலைவன் என்பதால் அவன் சுமை மகிமை பெறுகிறது. நிஜவாழ்வில் மூட்டை சுமப்பவர்கள் கடைசி அத்தியாயத்தில் தலைவர்களாக வெளிப்படுவதில்லை. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற நம் கிராமத்துப் பெண்களின் சேவைக்கு எந்தச் சங்கமும் காத்திருக்கவில்லை. லியோ விரும்பிச் சுமந்தான். அவர்கள் வழியின்றிச் சுமந்தார்கள். விருப்பத்தோடு செய்வதற்கே சேவை என்ற பெயர் பொருந்தும். மற்றதையும் அப்பெயரால் புகழ்வது, நம் சுமையை அவர்கள் தலையில் நிரந்தரமாக வைத்துவிடும் தந்திரம்.

நம் சிறுகதைகளிலும் நினைவு மலர்களிலும் ஒரே வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல மனிதர் ஒருவர் ஊருக்கு வருகிறார், ஊர் திருந்துகிறது, அவர் மறைகிறார், ஊர் அழுகிறது. கதை அங்கே முடிந்துவிடுகிறது. பாடசாலைகளிலும் இதைக் காண்கிறோம். அதிகாலையில் வந்து தாமே முற்றம் கூட்டிய அதிபர் இடமாற்றம் பெற்றுப் போகிறார். பிரியாவிடை உரைகளில் அவர் கூட்டிய கதை சொல்லப்படுகிறது. மறுவாரம் முற்றத்தில் சருகு கிடக்கிறது. தனிமனித ஒழுக்கம் சமூகத்தை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. அது ஒரே ஒருவரின் ஒழுக்கமாகத் தேங்கிவிட்டால் மாற்றாது என்கிறேன்.

ஆகவே நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தியாகிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அவர்கள் போன மறுநாள் காலை தும்புத்தடியை எடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். எவரும் எடுக்கவில்லையெனில் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.