உட்காரு கண்ணு, என்ன அவசரம்?

அமெரிக்காவில் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் கிராண்ட் கேன்யனையும் சொல்லமாட்டேன், நியூயார்க்கையும் சொல்லமாட்டேன். ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கே, செம்மண் கடலைக் காடுகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பழைய மரவீட்டின் முன் போர்ச்சைத்தான், நம்மூர்த் திண்ணை மாதிரியான கூரையிட்ட முன்தளத்தைத்தான், சொல்வேன். நான்கு ஆடும் நாற்காலிகள், சங்கிலியில் தொங்கும் ஒரு மர ஊஞ்சல், மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. வேறெதுவும் கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்த ஒரு பிற்பகலுக்கு ஈடாக ஐந்து நட்சத்திர ஓய்வு விடுதி எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அட்லாண்டாவிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் சம்டர் கவுண்டி. என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் சொந்த ஊர்ப்பக்கம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதுமே வித்தியாசம் தெரிந்துவிடும். எதிரே வரும் பிக்கப் டிரக் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் வைக்கிறார். முன்பின் தெரியாதவர்! அடுத்த வண்டியிலும் அதே விரல். ஊர்வலமாகப் போகும் சவ வண்டியைக் கண்டால் எதிரே வருபவர்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறார்கள். யாருக்கு என்ன தலைபோகிற வேலை இருந்தாலும் சரி.

நண்பனின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் படியேறும்போதே குரல் கொடுத்தார்: “உட்காரு கண்ணு, என்ன அவசரம்?” உள்ளே கூப்பிடவில்லை. அதுதான் அந்த இடத்தின் பெரிய அழகு. வீட்டுக்குள் வருபவரை வரவேற்க வீடு கூட்டியிருக்க வேண்டும், வருபவருக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். போர்ச்சில் இரண்டும் தேவையில்லை. தெருவில் போகிறவர் நின்று, ஒரு காலைப் படியில் வைத்து, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கலாம். பத்து நிமிடம் கழித்து அவர் கையிலும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஐஸ் தேநீர் வந்துவிடும்.

அன்று எங்களுக்கு முன்னால் ஒரு கூடை நிறைய ‘பர்ப்பிள் ஹல்’ பயறு வைத்திருந்தார். நம் காராமணியின் இனம்தான், தோல் மட்டும் கத்தரிப்பூ நிறம். மடியில் ஒரு கிண்ணம், காலடியில் தோலுக்கு ஒரு காகிதப் பை. கட்டைவிரலால் நெற்றைப் பிளந்து இழுத்தால் பயறு சடசடவென்று கிண்ணத்தில் விழும். அரைமணி நேரத்தில் என் விரலெல்லாம் ஊதா. இந்த வேலைக்குக் கண் வேண்டாம், மூளை வேண்டாம், கை மட்டும் போதும். அதனால் பேச்சு அதன் போக்கில் போகிறது. கூடை தீரும்வரை யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்பதால் யாரும் கதையைச் சுருக்குவதும் இல்லை. கிராமத்து மெதுவான வாழ்க்கையைச் சோம்பல் என்று சொல்பவர்கள் இந்தக் கூடையோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இராத்திரிச் சமையலும், ஃப்ரீஸரில் போட்டுவைக்கும் குளிர்காலச் சேமிப்பும், ஊர்ச் செய்தியும், விருந்தினர் உபசாரமும் ஒரே இருக்கையில் நடந்து முடிகின்றன!

பிறகு வந்தது அவித்த கடலை. ஆமாம், நம்மூர் அவித்த வேர்க்கடலையேதான்! மண்ணிலிருந்து பிடுங்கிய பச்சைக் கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுகிறார்கள். தோலைக் கடித்ததும் உப்புநீர் வாய்க்குள் பாய்கிறது. உள்ளே பருப்பு வெண்ணெய்போல. நான் ஒரு கிண்ணத்தைக் காலி செய்ததும் அந்த அம்மா எதுவும் கேட்காமல் இன்னொன்றை நகர்த்தி வைத்தார்.

இந்த போர்ச் சும்மா அழகுக்குக் கட்டியதில்லை. வீடு செங்கல் தூண்களின் மேல் நிற்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. கூரை முன்னால் நீண்டு வந்து சுவரில் வெயில் படாமல் மறைக்கிறது. முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர். இரண்டையும் திறந்தால் நிழலில் தணிந்த காற்று வீட்டை ஊடுருவிப் போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கட்டடக்கலை இந்தத் தென்மாநில போர்ச்சுக்குள் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்தில் போர்ச்சின் உட்கூரைக்கு இளநீல வண்ணம் பூசுவதும் அங்கே வாழும் கல்லா கீச்சி மக்களின் வழக்கம்தான். ஆவிகள் அண்டாது என்பது நம்பிக்கை. கறுப்பின மக்கள் வெள்ளையர் வீட்டு முன்படி ஏறாமல் பின்கதவுக்குத்தான் போக வேண்டியிருந்த காலத்தை நண்பனின் அம்மா நேரில் கண்டவர். இன்று அவருடைய சொந்த போர்ச்சில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கமாட்டேன்.

போர்ச்சுப் பேச்சு இலக்கியமே ஆகியிருக்கிறது. ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில், 1887ல் கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி ஆண்ட ஊர். அங்கே வளர்ந்த எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன், கடை போர்ச்சில் ஆண்கள் போட்டி போட்டு அளக்கும் கதைகளைச் சிறுமியாக நின்று கேட்டவர். பிறகு மானுடவியல் படித்துவிட்டு அதே ஊருக்குத் திரும்பி அந்தக் கதைகளைச் சேகரித்தார். 1935ல் நாட்டார் கதைத் தொகுப்பு, 1937ல் நாவல். இரண்டிலும் அந்த போர்ச் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜன்னல் ஏசி வந்ததும் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. புதுக் குடியிருப்புகளில் போர்ச் பெயரளவுக்குச் சுருங்கி, வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் வந்தது. பின்னால் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் எப்படித் தெரிவார்? சம்டர் கவுண்டியில் ஏசியும் இருக்கிறது, போர்ச்சும் இருக்கிறது. வெயில் சாய்ந்ததும் எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். கண்ணைச் சுற்றும் பொடிப்பூச்சிகளை வாயோரத்தால் மேல்நோக்கி ஊதி விரட்டிக்கொண்டே பேச்சைத் தொடர ஒரு தனித் திறமை வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது உண்டு!

அதே கவுண்டியில்தான் பிளெய்ன்ஸ். ஜிம்மி கார்ட்டரின் ஊர். ஜனாதிபதி பதவி முடிந்ததும் அவர் சில நூறு பேரே வாழும் இந்த ஊருக்கே திரும்பி, 2024ல் நூறு வயதில் தன் வீட்டிலேயே காலமானார். பக்கத்து ஆர்ச்சரியில் அவர் வளர்ந்த பண்ணை வீடு இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதி. 1938 வரை மின்சாரம் இல்லாத வீடு. சிறுவனாக அவர் பிளெய்ன்ஸ் தெருவில் விற்றதும் அவித்த கடலைதான்.

செப்டம்பரில் போங்கள். கடலை பிடுங்கும் காலம். அமெரிக்க நெடுஞ்சாலை 280ல் மெதுவாக ஓட்டுங்கள், விரலை உயர்த்துகிறவர்களுக்கெல்லாம் பதிலுக்கு உயர்த்துங்கள். யாராவது போர்ச்சுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் ஏறிவிடுங்கள். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: “கிளம்புகிறேன்” என்று எழுந்த பிறகு நாற்காலி அருகே ஒரு பேச்சு, படியில் ஒரு பேச்சு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு, கையில் ஒரு பை பயறு என்று முக்கால் மணி நேரம் ஆகும். இருட்டுவதற்குள் அட்லாண்டா வந்துவிடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.