கணக்கை யார் வாசிப்பது?

தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துத் தெருக்களில் மத்தியான நேரத்தில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி கைக்கு வருவதற்குள் அதன் மேல் நாலு பேருக்குப் பாத்தியதை வந்துவிடுகிறது. சீட்டு நடத்தும் அக்கா, மகளிர் குழுவின் மாதச் சேமிப்பு, குழுக்கடன் வசூலிக்க பைக்கில் வரும் தம்பி, கடைசியாக, கொடுத்த கடனை நாள்தோறும் வசூலிக்கும் தண்டல்காரர்.

இந்த நாலில் தண்டல் கணக்கு ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்பே கடை போடுகிறவர்களுக்கு முதல் வேண்டும். 10,000 ரூபாய்க்கு எழுதிக் கையில் 9,000 தருவார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரம் ரூபாதானே வட்டி’ என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். ஆனால் மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. நூறு நாளைக்கும் சேர்த்துப் பார்த்தால் அவர் கையில் நின்ற பணம் சராசரியாக அந்த 9,000-த்தில் பாதிதான். அந்தப் பாதிக்கு ஆயிரம் ரூபாய் வட்டி என்றால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. தண்டல் மட்டும் உண்டு. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-ல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், இந்தப் பகுதிக் கூலிக் குடும்பம் ஒன்று கந்துவட்டிக் கொடுமை தாளாமல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்தது. குழந்தைகளும் அதில் போனார்கள். அந்தச் சம்பவத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்த யாராலும் அதை மறக்க முடியாது.

மேலே போட்ட கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும். பள்ளியில் வட்டிக் கணக்கு படித்தவர்கள்தாம் இங்கே பலரும். சூத்திரம் மனப்பாடம், தன் கையிலிருக்கும் தண்டல் அட்டையில் அதைப் போட்டுப் பார்க்க மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையரே 1968-ல் ஒடுக்கப்பட்டோரின் கல்வி பற்றி எழுதிய நூலில் இதைத்தான் வங்கிமுறைக் கல்வி என்றார். ஆசிரியர் போடுவார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்வார், தேர்வன்று போட்டது போட்டபடி எடுத்துக் கொடுப்பார். பணம் போடுகிறவருக்குத்தான் எல்லாம் தெரியும், கணக்குக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும் முறைக்குள்ளும் அதே நினைப்பு புகுந்திருக்கிறது என்பதைத் தென்காசியையும் வட இலங்கையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்குத் தெளிவாகிறது.

இங்கே நல்ல தொடக்கம் ஒன்று இருந்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில். தனி மாவட்டமானது 2019-ல்தான். தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பிரையரே சொன்னதைச் செய்து பார்த்தது. அதன் பாடப் புத்தகம் அகரத்தில் தொடங்காமல் ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கியது. பட்டா யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பேச்சு எழும். பேச்சின் நடுவே எழுத்து வரும். நெல்லை மாவட்டத்தில் அந்த இயக்கத்துக்காக ஊர் ஊராக அலைந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் அந்த அனுபவங்களை எழுதியிருக்கிறார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் மகளிர் குழுக்களும் பெருகின. தமிழ்நாட்டில் அரசின் முயற்சி 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. நபார்டு வங்கி 1992-ல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், ஒரு தீர்மானப் புத்தகம். முதல் ஆறு மாதம் சேமிப்பும் உள்கடனும் மட்டும். வங்கிக் கடன் அதற்குப் பிறகு. அந்த ஆறு மாதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கூட்டத்தில் வரவு செலவு சத்தமாக வாசிக்கப்படும். யாருக்கு முதலில் கடன் என்று வாக்குவாதம் நடக்கும். வட்டி எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள், அந்த வட்டி திரும்பி அவர்கள் பெட்டிக்கே வரும். கைரேகை வைத்துக்கொண்டிருந்தவர் தன் பெயரைத் தானே எழுதிய வரியை அந்தப் புத்தகத்தில் காணலாம். இதைவிட நல்ல கணக்கு வகுப்பு எந்தப் பள்ளியிலும் நடந்திருக்காது.

பிறகு இலக்கு வந்தது. இந்த ஆண்டு இத்தனை குழு, இத்தனை கோடி கடன். அதன் பின்னாலேயே நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. அவற்றிலும் குழு உண்டு, ஆனால் சேமிப்பு இல்லை, பெட்டி இல்லை, வாக்குவாதம் இல்லை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தக் குழு. ‘நீ கெட்டலைன்னா நாங்கல்லா கெட்டணும்’ என்று ஒரே தெருக்காரிகள் வாசலில் நின்று சத்தம் போடும்போது வசூலிக்க வந்தவர் வண்டியில் சாய்ந்தபடி காத்திருக்கிறார்.

இலங்கையிலும் கூட்டுறவின் வேர் ஆழமானது. இந்தியாவில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இலங்கையில் அதற்கான கட்டளைச் சட்டம் 1911-ல். சிங்களப் பகுதிகளில் சணச என்றும் தமிழ்ப் பகுதிகளில் சிக்கனக் கடனுதவுச் சங்கம் என்றும் வழங்கும் அமைப்பு அதன் வழி வந்தது. அங்கத்தவர் தாமே சேமித்து, தமக்குள்ளே கடன் கொடுத்து, ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை எழுந்து கேட்ட சங்கங்கள் அவை. போர் பல ஊர்களில் அவற்றைக் குலைத்துப் போட்டது. 2009-ல் போர் முடிந்து, வடக்குக்குப் போகும் ஏ9 வீதி மீண்டும் திறந்ததும் அங்கே கடன் கம்பனிகள் வந்து குவிந்தன. கணவனையும் வீட்டையும் இழந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து கையெழுத்து வைத்தார்கள். கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு. ஒரு கம்பனியின் கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன். 2018-ல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 40 முதல் 220 விழுக்காடு வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது; வட்டிக்கு 35 விழுக்காடு என்று உச்சவரம்பும் வந்தது.

இலங்கையில் எழுத்தறிவு 90 விழுக்காட்டுக்கு மேல். கடனில் மாட்டியவர்களில் சாதாரண தரப் பள்ளித் தேர்வு வரை படித்தவர்களும் உண்டு. அப்படியிருந்தும் பெண்களுக்கு நிதி அறிவு போதவில்லை என்ற பேச்சே அங்கும் எழுந்தது. இங்கே படிப்பு இல்லாததால் ஏமாந்தார்கள் என்கிறோமே, படிப்பு இருந்த இடத்திலும் அதேதான் நடந்தது. கணக்குப் புத்தகம் கம்பனி அலுவலகத்தில் இருக்கும்வரை, படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் கட்ட வேண்டிய தொகை மட்டும்தான் தெரியும்.

2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். தங்கள் கடன் பிரச்சினையைத் தாங்களே கூட்டாக நாட்டின் முன் வைத்த பெண்கள் அவர்கள். தமிழ்நாட்டில் 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அது வரவேற்க வேண்டியது. வசூலிக்க வருகிறவரின் மிரட்டல் அதனால் குறையலாம். கடன் வாங்கியவள் கைக்குக் கணக்கு அதனால் வந்துவிடாது.

ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதி எழுத்தறிவு வாரம் நடத்துகிறது. தென்காசிப் பக்கம் அடுத்த முகாமுக்கு வரும் வங்கி அலுவலர் சுவரொட்டியையும் உரையையும் ஒரு நாளைக்கு ஒதுக்கி வைக்கட்டும். வந்திருக்கும் பெண்களிடம் அவரவர் தண்டல் அட்டையையும் குழுக்கடன் அட்டையையும் நடுவில் போடச் சொல்லட்டும். எழுதியது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, யார் பெயரில் எடுத்தது, இப்போது யார் கட்டுகிறார் என்று அவர்கள் ஒவ்வொருவராக வாசிக்க, அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வரட்டும்.