பாதிக் கோதை

பதின்வயதுப் பெண்ணின் ஆசையைப் பேசும் கதையைத் தேடித் தமிழர் எங்கும் போக வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. துளசி நந்தவனம், வளர்த்த அப்பா, பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக் கிணற்றில் அழகு பார்த்த பெண்: கோதை என்கிற ஆண்டாள். அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதம்தான் ஏமாற்றுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழிப் போட்டிக்காக அவள் பாடிய திருப்பாவை முப்பதையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குப் பழந்தமிழின் ஓசை நாக்கில் ஏறிவிடுகிறது. வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பொருள் மெல்ல வரட்டும். விடியுமுன் தோழிகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக் கிளம்பும் அந்தக் காட்சிக்கு ஈடாகப் பெண்களின் தோழமையைச் சொன்ன கதை நம்மிடம் குறைவு.

சிக்கல் அங்கே நின்றுவிடுவதில் இருக்கிறது. அவளுடைய இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள். அவற்றில் கல்யாண வீட்டில் 'வாரணமாயிரம்' மட்டும் ஒலிக்கும். காமதேவனுக்கு நோன்பிருப்பவளும், கண்ணன் வாயின் மணத்தையும் சுவையையும் வெண்சங்கிடம் விசாரிப்பவளும், மேகத்தைத் தூது விடுபவளும் சிறுவர் புத்தகங்களில் வருவதில்லை. அங்கே இருப்பது ஒரு சமர்த்துக் குழந்தை. கடைசிப் பக்கத்தில் பல்லக்கேறி அரங்கனிடம் போய்ச் சேர்கிறது. அவள் விரும்பினாள் என்பது போய், பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் போல ஆகிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை கூசாமல் அந்தப் பாசுரங்களுக்கு வியாக்கியானம் எழுதினார். கூச்சம் நமக்குத்தான்.

கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்தமால்யதா'வும் இதில் விலக்கில்லை. சூடிக்கொடுத்தவளின் பெயரையே தாங்கிய தெலுங்குக் காவியம். ஆனால் அவளை வளர்த்த விஷ்ணுசித்தரின் கதையும் கிளைக்கதைகளும் இடத்தை அடைத்துக்கொள்ள, கோதை வருவது கடைசிப் பகுதியில். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெண்குரலில் உருகினால் மேடையில் விரித்துப் பேசுகிறோம். ஒரு பெண் தன் குரலிலேயே அதைப் பாடினால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தாரும் எனக்கு உவப்பில்லை. அவளைக் கொடி பிடித்த புரட்சிக்காரி ஆக்குகிறவர்கள், அவளிடமிருந்து பெருமாளைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். அவன்மேல் இல்லாவிட்டால் அந்த ஆசை வேறு யார்மேல்?

2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிய 'தமிழை ஆண்டாள்' கட்டுரையை வாசித்தார். கண்டனம், போராட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயரின் உண்ணாவிரதம் என்று நீண்டது. சண்டை முழுக்க அவள் பிறப்பைப் பற்றி அந்தக் கட்டுரை சொன்னதன்மேல்; அவள் பாட்டில் என்ன இருக்கிறது என்ற பேச்சு அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

போட்டி நடத்தும் பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவிகளுக்கு அடுத்த மார்கழியில் குயிலைக் கூப்பிடும் பதிகத்தையும் மேகவிடுதூதையும் கொடுங்கள். பொருள் சொல்லும்போது எந்த வரியையும் தாண்டிப் போகாதீர்கள்.