இனிப்பாக இருக்கவேண்டிய கட்டாயம்

மதுவின் சுவையைப் பற்றி எழுத உட்காரும் தமிழ்ப்பெண்ணின் காதில் இரண்டு குரல்கள் விழுகின்றன. ஒன்று, குடிக்கும் பெண்ணைக் கெட்டவளாகவே காட்டிப் பழகிய சினிமாவின் குரல். இன்னொன்று, குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, மதுக்கடையை மூடச் சொல்லி நடுரோட்டில் உட்கார்ந்த பெண்களின் குரல். முதல் குரலுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இரண்டாவது குரலை மறந்துவிட்டு எழுதவும் முடியாது. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் குடி, குடிப்பணம், குடியின் ருசி மூன்றையும் ஆண்களிடமே விட்டுவைத்திருக்கும் ஏற்பாடும் அந்தக் கோபத்துக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

என் முன்னால் இருப்பது 'புவெப்லோ வியேஹோ' என்ற அன்யேஹோ டெக்கீலா. வெளிநாட்டில் வேலை செய்யும் தோழி வாங்கி வந்தது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் சான் மத்தியாஸ் நிறுவனம் தயாரிப்பது. அந்நிறுவனத்துக்குத் தலைமை ஏற்று நடத்தி வந்திருப்பவர் கார்மென் வியாரெயல் என்ற பெண். நடிகர்களின் பெயர் தாங்கி வரும் டெக்கீலாக்களை நினைத்தால் இதன் விலை மிகக் குறைவு.

டெக்கீலா நீல அகாவேயிலிருந்து வடிக்கப்படுவது. நம் வேலியோர ஆனைக்கற்றாழையின் இனம், சோற்றுக்கற்றாழை வேறு. சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தாலே டெக்கீலா என்று விற்கலாம் என்கிறது சட்டம். ஆகவே குப்பியில் '100 சதவீதம் அகாவே' என்ற வரியைத் தேட வேண்டும். இதில் அது இருக்கிறது. ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம் இருந்தால் ரெபொசாதோ, ஓராண்டு இருந்தால் அன்யேஹோ, மூன்றாண்டு இருந்தால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ.

உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் குடித்தேன். அவை இருந்தால் நாக்குக்கு மற்றது எதுவும் தெரியாது. முதலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் வாசனை. அது வெந்த அகாவேயுடையது. பிறகு மரம் கொடுத்த வனிலா, கொஞ்சம் பட்டை. வாயில் விட்டதும் மிளகு. விழுங்கிய பின் சுவை நெடுநேரம் நிற்பதில்லை. ஓராண்டுப் பீப்பாயிடம் அதற்குமேல் கேட்பதும் நியாயமில்லை. மரம் செடியை மூடிவிடவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

விலை உயர்ந்த பல குப்பிகள் இங்கேதான் தோற்கின்றன. பீப்பாயில் வைத்த டெக்கீலாவில் கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை எடையில் ஒரு சதவீதம் வரை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. கிளிசரின் வழவழப்பைத் தரும், பாகு காரத்தை மறைக்கும். விளம்பரம் அதை 'மென்மை' என்கிறது; சில சமயம் 'பெண்களுக்கு ஏற்றது' என்றும் சொல்லிவிடுகிறது. இனிப்பாக இரு, உறைக்காதே, தொண்டையில் உறுத்தாமல் இறங்கு. இந்த அறிவுரையை நாம் வேறெங்கோ கேட்டு வளர்ந்தவர்கள்தானே?

பீப்பாயில் நடப்பதற்கு நம்மிடம் நல்ல சொல் உண்டு. திருமுருகாற்றுப்படையில் குறவர் அருந்தும் தேறல் மூங்கில் குழாயில் இருந்தது. அங்கே அது பழையதாவதில்லை, விளைகிறது. ஔவை, அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைப் புறநானூற்றில் பதிவு செய்தவர். கள்ளைப் பற்றிப் பேச ஒரு பெண்ணுக்குத் தமிழில் இடம் இருந்திருக்கிறது, சொற்களும் இருந்திருக்கின்றன. அவற்றை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மலிவைப் பாராட்டும்போது செடியையும் சொல்லியாக வேண்டும். நீல அகாவே விளைய ஆறேழு ஆண்டுகள் ஆகும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும் செடி அது. பூந்தண்டு எழும்போதே வெட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் கிழங்குபோன்ற நடுப்பகுதியின் சர்க்கரை பூவுக்குப் போய்விடும். பூக்காததால் விதையில்லை. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்தே நடுகிறார்கள். வயல் முழுக்க ஒரே செடியின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். அகாவேப் பூவின் தேனை நம்பிய வௌவால்களுக்கும் உணவு குறைகிறது. குறைந்த விலைக் குப்பிக்கும் கூடிய விலைக் குப்பிக்கும் இது பொது. பூக்கவிடாமல் பெறும் இனிப்பு என்பதை அறிந்தே இதைக் குடிக்கிறேன்.

என் தீர்ப்பு: சொந்தச் சம்பளத்தில் வாங்கி, தோழிகளோடு சிறு கோப்பையில் மெதுவாகக் குடிக்கத் தகுந்த, நேர்மையான டெக்கீலா. இதற்கு மேல் விலை கொடுக்குமுன், அந்தக் கூடுதல் பணம் மரத்துக்கா, பாகுக்கா, நடிகரின் பெயருக்கா என்று கேளுங்கள்.